ஏழு பேர், ஒரு நாவல்: சேர்ந்து வாசிக்கத் தொடங்குவது எப்படி

எங்கள் வாசிப்பு வட்டத்தின் முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம். நாவலை முழுக்கப் படித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் புத்தகமே வாங்கவில்லை, "சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல கொசுக்கடி. ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் நாவலைப் பற்றிப் பேசியது இருபது நிமிடம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் இலக்கியம் என்றால் என்ன, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் படிப்பதில்லை என்று போய்விட்டது. இது சரிப்படாது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஐந்து வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை படுத்து எழுந்தாலும் வட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இப்படி ஒன்றை உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் நீங்களும் பட்டே தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில் ஆட்கள்

ஐந்து பேருக்குக் குறைந்தால் இரண்டு பேர் வராத அன்று கூட்டமே இல்லை. எட்டுக்கு மேல் போனால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் சபையோர் ஆகிவிடுவார்கள். ஆறு, ஏழு பேர் போதும்.

எல்லோரும் ஒரே அலுவலகம், ஒரே வயது, ஒரே கட்சி என்று இருந்தால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டுவதோடு முடிந்துவிடும். எங்களிடம் தபால் துறையில் ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி, பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், கல்லூரி மாணவன், இன்னும் இரண்டு மூன்று பேர். "நிறையப் படித்தவர்கள்" என்று தேடிப் போகாதீர்கள். எங்கள் வட்டத்தில் கூர்மையாகப் பேசுகிறவர் அந்த ஜவுளிக்கடைப் பெண்தான். பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்துக்குப் பிறகு ஒரு கதைப்புத்தகத்தைத் தொடாதவர். அதனால் எந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்ற பாடம் அவருக்கு ஏற்றப்படவில்லை.

இடத்துக்கு மொட்டைமாடி நல்லதுதான். மழைக்காலத்துக்கு இன்னொன்று வேண்டும். பக்கத்திலிருக்கும் கிளை நூலகத்தில் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் என்று ஒன்று பெயரளவிலாவது இருக்கும், நூலகர் சந்தோஷமாக இடம் தர வாய்ப்புண்டு. கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 1948இல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுக் காசும் அந்த அலமாரியில் இருக்கிறது.

புத்தகம் தேர்ந்தெடுக்கும் சண்டை

இந்தச் சண்டை வந்தே தீரும். ஒருவர் பொன்னியின் செல்வன் என்பார். அது 1950 முதல் 1954 வரை வாரா வாரம் பத்திரிகையில் வந்த தொடர், ஐந்து பாகம். என் ஆச்சி வீட்டில் இதழ் வந்ததும் ஒருவர் சத்தம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் அடுக்களையிலிருந்தே கேட்பார்களாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கொக்கி இருப்பது அடுத்த வாரம் வரை காத்திருக்கிறவர்களுக்காக. அதைப் போய் இரண்டு மாதத்தில் முடிக்கப் பார்த்தால் பாதிப் பேர் இரண்டாம் பாகத்திலேயே கழன்றுகொள்வார்கள். இன்னொருவர், எடுத்த எடுப்பில் கடினமான ஒன்றைச் சொல்லித் தன் வாசிப்பைக் காட்டுவார். அதுவும் வேண்டாம்.

முதல் புத்தகம் சிறியதாக இருக்கட்டும். படிக்க எளிதாகவும், பேச இடம் கொடுப்பதாகவும் இருக்கட்டும். நாங்கள் எடுத்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1973இல் புத்தகமாக வந்தது. சென்னையில் ஒரு தெரு, குழாயில் காற்று மட்டும் வருகிறது, குடத்தோடு அலையும் பெண்கள், அவர்களுக்கு நடுவே ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. மொழியில் சிக்கல் எதுவும் இல்லை. எதையும் விளக்கமாட்டார் ஆசிரியர், அந்த வேலை நம்முடையது. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி என்ன பேசப்போகிறோம் என்று நினைத்தேன். எங்கள் மாணவனின் அண்ணன் ஒரு நாள் கூட வந்து உட்கார்ந்தார். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்களே, அந்த வருடம் அங்கே ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தவர். ஒரு நாளைக்கு நாலு குடம். யார் எத்தனை செம்பு எடுத்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கண்காணித்ததைச் சொன்னார். "அதுக்கப்புறம் அவங்க யார்கூடவும் எனக்குப் பேச்சு இல்லை" என்றார். நாவலுக்குள் போக அன்றைக்கு வேறு வாசல் தேவைப்படவில்லை.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் பாதிக் கூட்டத்தைக் கெடுக்கும். ஒரே நாவலுக்கு நாலு பதிப்பகத்தின் பதிப்புகள் இருக்கும், பக்க எண் ஒத்துப்போகாது. "எழுபத்தி ரெண்டாம் பக்கம்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். முடிந்தால் எல்லோரும் ஒரே பதிப்பாக வாங்குங்கள். இல்லையென்றால் அத்தியாயக் கணக்கில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் திருட்டுப் பிடிஎஃப் வேண்டாம், ஒரு டிபன் செலவில் சின்ன நாவல் கிடைத்துவிடும். காசு பிரச்சினை என்றால் நூலகப் பிரதி, அல்லது இரண்டு பேருக்கு ஒரு புத்தகம். பழைய படைப்புகள் வேண்டுமென்றால் மதுரைத் திட்டத்தின் தளத்திலும், ஈழத்து நூல்கள் வேண்டுமென்றால் ‘நூலகம்’ என்ற இணையதளத்திலும் சட்டப்படியே இலவசமாக நிறையக் கிடைக்கும்.

எவ்வளவு, எப்போது

சின்ன நாவலுக்கு மூன்று கூட்டம், பதினைந்து நாளுக்கு ஒன்று. வாரா வாரம் என்று தொடங்கியவர்கள் எல்லாம் இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இன்ன அத்தியாயம் வரை என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதைத் தாண்டிப் படித்தவர்கள் பின்னால் வருவதைச் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் தேதியும் அத்தியாய எண்ணும் மட்டும். காலை வணக்கப் படம் போடுகிறவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், பொதுவில் சொன்னால் அவர் வட்டத்தையே விட்டுவிடுவார். வெளியூர்க்காரர்கள் இருந்தால் கூகுள் மீட் வழியாக நடத்தலாம். அது வேறு அனுபவம், அதில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை.

கூட்டம் எப்படி நடக்க வேண்டும்

முதல் பத்து நிமிடம் யாராவது ஒருவர் இரண்டு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். கூச்சப்படுவார்கள். ஆனால் நம்மிடையே மனசுக்குள் தனியாகப் படிப்பதுதான் புதுப் பழக்கம். மழை பொய்த்த வருடம் ஊர் கூடி, மழை வர வேண்டி மகாபாரதத்தின் விராட பருவத்தைச் சத்தமாகப் படிக்கும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராண படனம் என்று ஒன்று உண்டு, ஒருவர் கந்தபுராணத்துப் பாட்டைப் படிக்க இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார். நமக்குப் படிக்கும் ஆள் மட்டும் போதும், பயன் சொல்ல என்று தனியாக ஓர் ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்தால் அது சொற்பொழிவாகிவிடும். படிக்கும் ஆளைக் கூட்டத்துக்குக் கூட்டம் மாற்றுங்கள். எங்கள் அண்ணாச்சி படிக்கும்போது நாவலில் வரும் டீச்சரம்மாவின் பேச்சு ஒரு மாதிரிக் கேட்கும், ஜவுளிக்கடைத் தங்கச்சி படித்தால் அதே வரிகளில் சலிப்பு கேட்கும். அந்த வித்தியாசத்திலிருந்தே பேச்சைத் தொடங்கிவிடலாம்.

சத்தமாகப் படிப்பதில் இன்னொரு லாபம், புத்தகம் படிக்காமல் வந்தவரும் அந்த இரண்டு பக்கத்தைப் பற்றிப் பேச முடியும். படிக்காமல் வந்தவரைக் கண்டிக்காதீர்கள். அவர் அடுத்த முறை வரமாட்டார், அவ்வளவுதான் நடக்கும்.

அப்புறம் கேள்வி. "நாவல் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லாருந்தது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?" என்பது பரீட்சைக் கேள்வி, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: "இந்தப் பகுதியில் யார் மேல் கோபம் வந்தது?" பாசம், பரிதாபம் இதெல்லாம் மரியாதைக்குச் சொல்லிவிடலாம். கோபத்தை அப்படிச் சொல்ல வராது.

கூடவே ஒரு விதி. என்ன சொன்னாலும், எந்த வரியைப் படித்தபோது அப்படித் தோன்றியது என்று காட்ட வேண்டும். எங்கள் வட்டத்தில் இதற்குப் பெயர் "வரியக் காட்டுங்க". ஆரம்பத்தில் சிலருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் இந்த ஒரு விதியால்தான் எங்களுக்கு அரசியல் மேடை, ஆன்மிகச் சொற்பொழிவு, சினிமா விமரிசனம் மூன்றிலிருந்தும் விடுதலை கிடைத்தது.

சாயா மேல் வந்த வழக்கு

இரண்டாம் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜமுனாவுக்கு சினிமாவில் நடிக்க ஆசை. அதைச் சொல்லியே பாஸ்கர ராவ் என்பவன் அவளை அலைக்கழிக்கிறான். அவன் கூப்பிட்டால் போகாதே என்று தங்கை சாயா சண்டை போடுகிறாள். யார் மேல் கோபம் என்று சுற்று வந்தபோது நான் ஜமுனா மேல் என்றேன். இவ்வளவு சொல்லியும் கேட்காமல் போகிறவளை என்ன செய்வது, சாயா சொல்வதில் என்ன தப்பு என்று, வரியையும் காட்டித்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று அப்போது நினைப்பு.

ஜவுளிக்கடைத் தங்கச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க நியாயத்தைத்தான் சொல்லுதிய. அவ இத்தனை சொல்லும்போது அந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்தியளா?"

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஜமுனா அந்த இடத்தில் பேசுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் நான் வேகமாகத் தாண்டி, சாயாவின் வசனத்துக்கு ஓடியிருக்கிறேன். பென்சிலில் கோடு போட்டிருந்ததெல்லாம் சாயா பேசும் வரிகள்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். தொழில் தொழிலாக மாற்றிக் கடனாளியானவன். பத்து வருடமாக அவனிடம் நான் நியாயத்தை மட்டுமே பேசியிருக்கிறேன். மூன்று வருடமாக அவன் என்னைக் கூப்பிடுவதில்லை. அதைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்று ராத்திரி அவனுக்குப் போன் செய்தேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவனுக்கே ஆச்சரியமாகிவிட்டது, "என்ன, ஏதும் பிரச்சினையா?" என்றான்.

இதே நாவலை நான் முன்பே ஒரு முறை தனியாகப் படித்தவன். அப்போதும் சாயா பக்கம்தான் நின்றிருப்பேன். நிற்பது தெரிந்திருக்காது, ஏனென்றால் எதிர்ப் பக்கம் நிற்க அங்கே ஆள் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இதற்காகத்தான் நோட்டு. ஒவ்வொரு கூட்டம் முடிந்த அன்றும் நாலு வரி எழுதுங்கள். யார் மேல் கோபம் வந்தது, வேறு யார் என்ன சொன்னார்கள், நான் எந்த இடத்தை வேகமாகத் தாண்டினேன். அவ்வளவு போதும். யாரிடமும் காட்ட வேண்டாம். ஒரு வருடம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் நாலு நாவலிலும் நாம் ஒரே மாதிரி ஆள் மேல் எரிந்து விழுந்திருப்போம். எங்கள் டீச்சருக்கு எல்லா நாவலிலும் சும்மா இருக்கும் அப்பாக்கள் மேல்தான் கோபம். ‘அம்மா வந்தாள்’ நாவலில், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கும் தண்டபாணி மேல் அவர் பொரிந்து தள்ளியதில், அண்ணாச்சி பயந்து டீ போடப் போய்விட்டார். தன் நோட்டைப் பார்த்துவிட்டு டீச்சரே சிரித்துக்கொண்டு இதைச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

வரக்கூடிய சிக்கல்கள்

நாற்பது நிமிடம் பேசுகிறவர் ஒருவர் எல்லா வட்டத்திலும் உண்டு. அவரையே நேரம் பார்க்கும் பொறுப்பில் போட்டுவிடுங்கள். எங்களுக்கு வேலை செய்தது.

சாதி பெரிய சிக்கல், இதில் நாங்கள் ஒரு முறை மோசமாகத் தவறினோம். பூமணியின் ‘வெக்கை’ எடுத்திருந்தோம். 1982இல் வந்த நாவல், கரிசல் காட்டில் ஒரு கொலைக்குப் பிறகு பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் ஒளிந்து திரியும் நாட்கள். எங்களுக்கு ரொம்பத் தூரத்து நிலமும் இல்லை. முதல் தொல்லை, பாதிப் பேர் 2019இல் வந்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பற்றிப் பேசினார்கள். படத்தில் வரும் பெரிய பின்கதை நாவலில் கிடையாது. "வரியக் காட்டுங்க" என்றதும் அது அடங்கிவிட்டது. இரண்டாவது தொல்லை அப்படி அடங்கவில்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "உங்க ஆட்களுக்கு இதெல்லாம் நேர்ல நடந்திருக்கும்ல, நீங்க சொல்லுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். கேட்கப்பட்டவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடினார். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை.

அதன் பிறகு தெளிவாக ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டோம். யாரையும் அவருடைய சாதிக்கோ மதத்துக்கோ ஊருக்கோ சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லவில்லை என்றால் புத்தகம் சொல்வது போதும். அடக்குபவர்கள் தெருவில் பிறந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே கேட்டுக்கொள்ள அந்த நாவலில் கேள்விகள் தாராளமாகவே இருக்கின்றன. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள், யாராவது புண்பட்ட பிறகு சொன்னால் அது குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.

கூட்டத்தில் யாராவது அழுதால் பதறாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சற்றுப் பொறுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது, வீட்டுக்காரரிடம்கூட. அதே சமயம் இது சிகிச்சை இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ‘தண்ணீர்’ நாவலில் ஜமுனா உயிரை விடத் துணியும் இடம் உண்டு. அப்படிப்பட்ட பகுதிகள் வரும் என்றால் முந்தைய கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். யாராவது தாங்க முடியாத நிலையில் இருப்பதாகத் தெரிந்தால் நாவலை ஓரம் வைத்துவிட்டு அவரோடு இருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இரண்டாவது புத்தகம்

முதல் நாவல் முடிந்ததும் ஒரு தொய்வு வரும். அப்போது நாங்கள் செய்த ஒன்று நன்றாக வேலை செய்தது. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே முழுதாகப் படித்தோம். ஒருவனிடம் ஏமாந்து வீடு திரும்பிய மகளின் தலையில் அம்மா தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். 1966இல் ஆனந்த விகடனில் அது வந்தபோது வாசகர்களிடையே பெரிய வாதமே நடந்தது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு அவரே எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் வரும் கங்கா, தனக்கு நடந்ததையே ஒரு பத்திரிகையில் கதையாகப் படிக்கிறாள், ஆனால் அந்தக் கதையின் அம்மா அவளுடைய அம்மாவைப் போல நடந்துகொள்ளவில்லை. படித்துக்கொண்டே ஒருத்தி தன்னைப் பார்ப்பதை ஏழு பேர் சேர்ந்து படிப்பது வினோதமான அனுபவம்.

சிறுகதையைப் படித்து முடித்த அன்றைக்கே, நாவலைத் திறப்பதற்கு முன், ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்: அந்த அம்மாவின் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? பெயர் வேண்டாம். சீட்டுகளை ஒரு கவரில் போட்டு ஒட்டி யாரிடமாவது கொடுத்து வையுங்கள். நாவல் முடியும் நாளில் பிரியுங்கள். எங்கள் கவர் அண்ணாச்சியிடம் இருந்தது. தபால்காரர் என்பதால் பழக்க தோஷத்தில் அரக்கு வைத்து ஒட்டிவிட்டார், பிரிக்கப் பத்து நிமிடம் ஆனது. ஏழில் இரண்டு சீட்டு வெறுமையாக இருந்தது. யாருடையவை என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்று என்னுடையது.